வடிவு விதைத்த பாத்தி

1

வடிவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நான் போட்ட கார்டு உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று தெரிகிறது. கார்டில் அதற்கு மேல் எழுத இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். பிள்ளை யார் ஜாடை, என்ன பேர் வைக்கப் போகிறீர்கள், எப்போது மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருவீர்கள் என்று நீங்கள் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்து முடித்தபின் யாரும் எங்களுக்கு ஆறுதல் சொல்லி எழுத வேண்டாம். அதற்கு வேறு பதில் எழுத வேண்டியிருக்கும்.

காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்கிறது. கூலிக்காரர் குடியிருப்பான லயத்திலிருந்து பெண்கள் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மஞ்சுக்குள் நடந்து மறைகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்க்கிறேன். சொர்ணம் பேரனைத் தூக்கி மகள் வடிவின் மடியில் கிடத்தி, தலையைத் தன் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பால் குடிக்கும். வடிவு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருக்கும். குடித்து முடித்ததும் சொர்ணம்தான் எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க வேண்டும். பிறந்த நாள் முதல் இப்படித்தான். என் மகள் தான் பெற்ற பிள்ளையைக் கையால் தொட மாட்டேன் என்கிறாள்.

பிள்ளைப் பேற்றின் களைப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று லயத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். மருமகன் தங்கையா தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன், வாயைத் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அவனுடைய தாயார் வண்டன்மேட்டிலிருந்து பேரனைப் பார்க்க வருகிறாள். அவள் கேட்பாள். அதை நினைத்துச் சொர்ணம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இது உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால், பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளோடு தோட்டம் போட்ட கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

நான் போடிக் கணவாய் ஏறி இங்கே வந்தபோது பள்ளிக்கூடம் என்பது நாலு கம்பும் ஒரு தகரக் கூரையும்தான். சூரியநெல்லிக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்ன எஸ்டேட்டு. பிள்ளைகள் எல்லாம் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கூலிக்காரர்களின் பிள்ளைகள். பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள்.

திருவிதாங்கூர் சர்க்காரில் எதற்கும் ஒரு அபேக்ஷை எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இங்கே அதுதான் பெயர். கரும்பலகைக்கு ஒன்று, சுண்ணாம்புக் கட்டிக்கு ஒன்று. அதையும் மலையாளத்தில் எழுத வேண்டும். நான் எழுதிய மலையாளத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மனுஷர் ஒரு தடவை வந்து, பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைகள் கைப்படப் போட்ட தோட்டம் ஒன்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் குறை எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. மலை முழுக்கத் தோட்டம். அதற்கு நடுவில் இன்னொரு தோட்டமா?

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் செடி, அதில் ஒரு செடிகூட அந்தப் பிள்ளைகள் நட்டதில்லை. தேயிலையைத் தொட்டால் கங்காணி அடிப்பார். விதை என்ற ஒன்றை அவர்கள் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆடியில் விதைத்தேன். ஆடியில் நம் கரிசலில் முதல் மழைக்கு மண் நனையும். இங்கே ஆடியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், வாரக் கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. விதை முழுவதும் அழுகிப் போயிற்று. லயத்தில் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். வருஷா வருஷம் ஆடியில் விதைத்து, வருஷா வருஷம் அழுக விட்டுவிட்டு, மலையில் ஒன்றும் விளையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மழை ஓய்ந்து புரட்டாசியில் மறுபடி போட்டோம். அந்த மூன்று நான்கு மாதங்களை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈர மண்ணில் விரலால் அவரவர் பேரின் முதலெழுத்தைக் கீறச் சொல்லி, அந்தக் கோட்டில் கடுகைத் தூவினோம். நாலாம் நாள் எழுத்து பச்சையாக எழுந்து நின்றது. அதுவரை கரும்பலகையில் பிடிபடாத எழுத்தெல்லாம் அன்றைக்குப் பிடிபட்டது. ஒரு ஆடு உள்ளே புகுந்து ‘க’ வரிசையை மட்டும் மேய்ந்துவிட்டுப் போனதில் கருப்பனும் காளியம்மாளும் அழுத அழுகையை அடக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டச் சொன்னேன். ஒருவன் அம்மிக்கல் மாதிரி ஒன்றைக் கட்டிக் காயையே அறுத்துத் தள்ளிவிட்டான். பூசணிப் பிஞ்சின் தோலில் முள்ளால் பேர் எழுதினோம். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்தது. தன் பேர் தன் தலையைவிடப் பெரிதாக ஆனதைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

3

வடிவு அப்போது ஏழு வயசுக்காரி. வகுப்பில் எல்லோருக்கும் மூங்கில் கணுவை வெட்டி, அதில் மண் நிரப்பி, இரண்டிரண்டு அவரை விதை கொடுத்தேன். அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் விட்டு முளைக்க வைத்துக் கொண்டுவர வேண்டும். எல்லோருடையதும் முளைத்தது, என் மகளுடையது முளைக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். நாளுக்கு மூன்று தடவை குச்சியால் மண்ணைக் கிளறி விதையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி புதைப்பாள். கேட்டால், “உள்ள என்ன செய்யுதுன்னு பாத்தம்பா” என்பாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு விதை கொடுத்தேன். அதையும் கிளறினாள். பிள்ளைகள் செய்கிற காரியம்தானே.

பிள்ளைகளை அழைத்துப் போக வந்த இருளாயி, கங்காணி பெண்சாதி, வெறும் மூங்கிலைப் பார்த்துவிட்டு, வாத்தியார் மகள் கைக்கு ராசி பத்தாது போலிருக்கிறதே என்று சொன்னாள். கேலியாகத்தான் சொன்னாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ராசிக்கை பார்க்காத வீடு நம் ஊரில் ஏது? கன்று நட ஒருத்தியைத் தேடிப் போய்க் கூப்பிடுவோம், இன்னொருத்தி வந்தால் நாளைக்கு நட்டுக்கொள்ளலாம் என்று மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுவோம். அந்தப் பேச்சு நம்மோடு மலை ஏறி வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் பங்குனியில் லயத்து அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டார்கள். இருளாயி வீட்டு உள்ளறையில் சட்டிகளை வரிசையாக வைத்து, கூடையால் மூடி, வெளிச்சம் படாமல் வளர்த்தார்கள். நோன்பு இருக்கிற பெண்களைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வடிவு பார்த்தாள். பகலில் எல்லோரும் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் கதவைத் திறந்து, ஒவ்வொரு கூடையாகத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்தார்கள். அந்த வருஷம் பயிர் சீராக எழும்பவில்லை. பாதிச் சட்டியில் வெளுத்துச் சாய்ந்துவிட்டது. குளிருக்குச் சாய்ந்ததா, தண்ணீர் அதிகமாகிச் சாய்ந்ததா என்று யாரும் யோசிக்கவில்லை.

4

கோடை மழை விழுந்ததும் காய்ச்சல் வந்தது. வருஷந்தோறும் வருகிறதுதான். அந்த வருஷம் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. எஸ்டேட்டில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் வீடு வீடாகக் கொயினா மருந்து கொடுத்துக்கொண்டு போனார். லயத்தில் சில பிள்ளைகள் போய்ச் சேர்ந்தன. எங்கள் சின்னவன் முருகையாவும் போனான்.

அவனை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்குக் கொண்டுவந்து காட்டுகிறோம் என்று எழுதியிருந்தேன். நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். நடை சலித்தால் வடிவிடம் கையை நீட்டுவான், வேறு யாரிடமும் போக மாட்டான். அவள் அவனை இடுப்பிலிருந்து இறக்கிவைத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சல் கண்ட அன்றும் அவள் இடுப்பில்தான் இருந்தான்.

சாவைப் பதிவதற்காக எஸ்டேட்டு ஆபீசுக்குப் போனேன். ரைட்டர் ஒரு மலையாளி, பொறுமையான மனுஷன். ஊர் எது என்று கேட்டான். நம் ஊர்ப் பேரைச் சொன்னேன். பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டான். இங்கே என்றேன். நம் ஊர்ப் பேரை எழுதாமல் எஸ்டேட்டின் பேரை எழுதினான். நான் கோபித்துக்கொண்டேன். அவன் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, சட்டம் அப்படி என்று மெதுவாகச் சொன்னான். என் மகன் நம் ஊர்க்காரன் என்று எழுதிவைக்க இந்த உலகத்தில் ஒரு இடம்கூட இல்லாமல் போயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் புதைத்துவிட்டு வந்தோம்.

முளைப்பாரியைத் திறந்து பார்த்ததால் வந்த வினை என்று லயத்தில் யாரும் வடிவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கும் பிள்ளை போயிருக்கிறதே, எப்படிச் சொல்வார்கள்? ஆனால் வடிவு பக்கத்தில் போனால், இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிறவள் அதை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா, எனக்குத் தெரியாது. நான் கவனித்ததை வடிவும் கவனித்தாள். அதற்குப் பிறகு அவள் வெளியே நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். சொர்ணம் மாட்டேன் என்றாள். அவனை இங்கே விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டாள். வடிவிடம் கேட்டேன். அவள் “அப்பா ஊருக்கா?” என்று கேட்டாள். நம் ஊர் அவளுக்கு அப்பா ஊர். இந்த மலைதான் ஊர்.

5

நான் வாத்தியார் இல்லையா? எதையும் செய்து காட்டினால் பிள்ளைகள் நம்பும் என்று நினைக்கிறவன். வீட்டுக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாத்தி கட்டினேன். ஒன்று எனக்கு, ஒன்று வடிவுக்கு. ஒரே மண், ஒரே எரு, ஒரே பையிலிருந்து எடுத்த அவரை விதை. அவள் பாத்தியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது, அவளும் கிளறக் கூடாது என்று விதி போட்டேன். அவள் மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விதையாக அழுத்திப் புதைத்தாள். பயத்தில் ரொம்ப ஆழமாகப் புதைத்துவிட்டாள். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

என் பாத்தி முளைத்தது. அவளுடையது முளைக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஆழம் அதிகம், இரண்டொரு நாள் தாமதமாக வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் சுவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவாள். சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கடுத்த காலை அவள் பாத்தியில் முளை நின்றது. வரிசையாக, இரண்டு இலையோடு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருளாயியைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, முகவாயில் கை வைத்துக்கொண்டு, தான் அன்றைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டதாகச் சொல்லி, வடிவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். லயம் முழுக்க அவளே போய்ச் சொன்னாள். அதன்பிறகு யாரும் பிள்ளையை இடுப்பு மாற்றவில்லை. காரியம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

வடிவு மட்டும் செடியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். “நல்லா இருக்குப்பா” என்றாள். அந்த அவரை பந்தல் ஏறிக் காய்த்தது. அவள் ஒரு காய்கூடப் பறிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மண்ணைத் தொட்டு நான் பார்க்கவில்லை. சமைத்தாள், மாவு அரைத்தாள், துணி துவைத்தாள், என்னிடம் படித்தாள், என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பூப்பறிக்க மாட்டாள். அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை யாராவது நீட்டினால் அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுவாள். கூச்சம் என்று நினைத்தோம். தம்பியின் நினைப்பு என்று நினைத்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் அடக்கமான பெண் என்று சொன்னபோது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

6

நேற்று மத்தியானம் பிள்ளை வீறிட்டு அழுதது. சொர்ணம் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தேன். பிள்ளை பாயில் கிடந்து கையைக் காலை உதைக்கிறது. வடிவு அதன் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்து, வாயால் ‘ச்சூ ச்சூ’ என்று சொல்லிக்கொண்டே அழுகிறாள். கைகள் பின்னால் இருக்கின்றன. நான் பிள்ளையைத் தூக்கினேன்.

சொர்ணம் வந்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. ஏட்டி, நீயெல்லாம் ஒரு தாயா, பெத்த பிள்ளைக்கு உன் கை என்னடி செய்யும் என்று கேட்டாள். வடிவு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

“எம்மா, அன்னைக்கு விடியக்காலம் அப்பா பாத்தியிலயிருந்து செடியப் பிடுங்கி எம் பாத்தியில நீ நட்டத நான் பாத்தேன்.”

எனக்கு இது புதுச் செய்தி. அன்றைக்கு என் பாத்தியின் கடைசியில் கொஞ்சம் செடி குறைந்திருந்தது. பறவை கொத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதைத் தாங்க முடியாமல் சொர்ணம் செய்திருக்கிறாள். தாய் நட்ட செடியைத் தான் முளைக்க வைத்ததாக ஊரே பாராட்டியதைக் கேட்டுக்கொண்டு, தாயைக் காட்டிக் கொடுக்காமல், தன் கையில் ஒன்றும் முளைக்காது, தன் கை பட்டது தங்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, அந்தக் குழந்தை இத்தனை வருஷம் எங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். கிளறிய விதையும், மூடியிருந்த முளைப்பாரியும், தம்பியும் எல்லாம் அவளுக்கு ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டன.

சொர்ணம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நட்டது நெசந்தான் தாயி. ஆனா நட மண்ணத் தோண்டுனேம் பாரு, அடியில உன் வெதை அத்தனையும் வெடிச்சி முளை விட்டுக் கெடந்துது. மறுநா அதுவும் மேல வந்துட்டுது. நான் நட்டதும் நீ போட்டதும் சேந்துதான் அந்தப் பந்தல்ல ஏறுச்சி. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன், நட்டதச் சொல்லாம?”

வடிவு தாயின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை.

“இதுவும் எனக்காகத்தானம்மா சொல்லுத?”

சொர்ணம் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாள். வடிவு தலையை ஆட்டிக்கொண்டாள், நம்பியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

“எப்பா, நீங்க சொல்லுங்க. எம் பாத்தியில செடி நெருக்கமா இருந்துச்சா?”

அவள் கேட்டது சரியான கேள்வி. என் மகள் புத்திசாலி. சொர்ணம் நட்டதும் அவள் விதைத்ததும் சேர்ந்து வந்திருந்தால் அந்தப் பாத்தியில் செடி இரண்டு மடங்கு இருந்திருக்கும். நான் அதை எண்ணவில்லை. எத்தனையோ நாள் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பந்தலுக்குக் கம்பு நட்டவனே நான்தான். கண்ணை மூடிப் பார்த்தேன். பச்சையாக ஏதோ தெரிகிறது. நெருக்கமா, விரிவா, தெரியவில்லை. சொர்ணத்தைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அவளிடம் நான் கேட்கப் போவதும் இல்லை.

“இருந்தது” என்றேன். “ரொம்ப நெருக்கமா இருந்தது.”

வடிவு தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையை நான் திருத்துவது போல, மெதுவாகச் சொன்னாள்.

“எம்மா முகத்தப் பாத்துட்டுத்தானப்பா சொல்லுதிய.”

பிள்ளை மறுபடி சிணுங்கியது. சொர்ணம் எழுந்து வந்து அதை என் தோளிலிருந்து வாங்கி, மகளின் மடியில் கிடத்தி, தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வடிவு மாராப்பை விலக்க மட்டும் கையை வெளியே எடுத்தாள், விலக்கியதும் மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.